சூர்யகலா வீட்டு நாய்

சூர்யகலா எங்கள் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாள் அவள் முதன்முதலாகக் கொண்டுவந்த குழம்பை வாயில் வைத்தேன். வைத்தவள் அடுத்த கவளத்தை உருட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புளிப்பு, காரம், கொஞ்சம் இனிப்பு, அடியில் லேசாகத் தீய்ந்த ஒரு வாசம், எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருந்தன. எங்கேயோ சாப்பிட்ட ருசி. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை.

“இன்னா கொழம்புடி இது?” என்றேன்.

“சும்மா, புளிக்கொழம்புதான்க்கா.”

“எத்தினி மணிக்கு எழுந்து வெச்ச?”

“நானா? மூணே முக்காலுக்குத்தான் எழுந்தேன். நாலேகாலுக்கு இங்க வந்துட்டேன்.”

எனக்கு வயிறு எரிந்தது. குழம்பின் காரத்தால் இல்லை.

என் கதையைச் சொன்னால்தான் அந்த எரிச்சல் புரியும். எனக்குச் சமைக்கப் பிடிக்காது. வராது என்று சொல்லவில்லை, பிடிக்காது. வெங்காயத்தைப் பார்த்தாலே கோபம் வரும் எனக்கு. ஆனால் பதினேழு வருஷமாய் விடியற்காலை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து குழம்பு வைக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் நாலேகாலுக்கெல்லாம் மரக்காணம் அளத்தில் கூடையோடு நிற்க வேண்டும். முந்தின நாளே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் சுப்ராயன் உப்பு மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். ஐந்து மணிக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி எடுப்பார். “நேத்து வெச்ச கொழம்பு எனக்கு ஆவாது, நெஞ்சு கரிக்கும்” என்பது அவர் வேதவாக்கு. அந்த ஒரு நெஞ்சுக்காக இரண்டு மணியிலிருந்து நான் எரிகிறேன். சாமி எதிரில் வந்து என்ன வேண்டும் என்று கேட்டால் நகை கேட்க மாட்டேன், மூணே முக்கால் வரைக்கும் தூக்கம் கேட்பேன்.

அதைத்தான் இந்தப் பெண் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தாள். எப்படி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

எட்டரை மணிக்குக் கொட்டாயில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நாங்கள் ஏழு பெண்கள். எல்லோர் குழம்புத் தூக்கும் நடுவில் வந்துவிடும். ஆளுக்கு ஒரு கரண்டி, இவளுடையது அவளுக்கு, அவளுடையது இவளுக்கு. அளத்தில் ஒரு சங்கதி உண்டு. உதட்டிலும் விரலிலும் உப்பு பூத்துக் கிடப்பதால், வீட்டில் போடுகிற உப்பைப் போட்ட குழம்பு இங்கே வாயில் வைக்க முடியாது. ஆகையால் அடுப்பிலிருந்து இறக்கியதும் அளத்துக்கான பங்கை முதலில் தூக்கில் ஊற்றிக்கொள்வோம். அப்புறம்தான் வீட்டுச் சட்டியில் மீதி உப்பு விழும். இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, கை தானாகச் செய்யும்.

எங்களில் மூத்தவள் கொளஞ்சியம்மா. அறுபதைத் தொடப்போகிறாள். எல்லோருக்கும் அத்தை. யார் குழம்பையும் நல்லாயிருக்கிறது என்று சொன்ன வாய் இல்லை. “புளி தூக்கல்”, “மொளகா கருகிடுச்சி”, “இதுக்கு வெந்நியே தேவல” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள். அவளே சூர்யகலாவின் குழம்பை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். எனக்கு அதுதான் இன்னும் ஆச்சரியம்.

“இவ முன்னாடி குயிலாப்பாளையத்துல கெஸ்ட் ஹவுஸ் கூட்டிப் பெருக்கிக்கினு இருந்தா இல்ல?” என்று என் காதில் சொன்னாள் கொளஞ்சியம்மா. “வெள்ளக்காரன் எவனோ பொடி குடுத்திருக்கான்டி. ஒரு சிட்டிகை போட்டா கொழம்பு தானா வெச்சிக்கும்.”

நான் பொடியை நம்பவில்லை. கணக்கெடுக்க ஆரம்பித்தேன். முதலில் தெரிந்தது, திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவளிடம் குழம்பு இருக்காது. மோரும் ஊறுகாயும்தான் வரும். வெள்ளிக்கிழமை நாங்கள் யாரும் கவுச்சி சேர்க்க மாட்டோம், சரி. அதற்காகக் கத்தரிக்காய்க் குழம்பும் வைக்கக் கூடாதா? திங்கட்கிழமைக்கு என்ன வந்தது? இரண்டாவது, அந்தக் குழம்பில் காய் என்று ஒரு துண்டு கிடைக்காது. மீன் வாசம் வரும், மீன் இருக்காது. முருங்கைக்காய் வாசம் வரும், முருங்கைக்காய் இருக்காது.

மூன்றாவது விஷயம் தினமும் என் கண் முன்னால் நடந்தும் எனக்கு உறைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சூர்யகலா ஒரு பெரிய தூக்கை நீட்டுவாள்.

“மீந்த கொழம்பு இருந்தா இதுல ஊத்துங்கக்கா. வூட்ல நாய் இருக்குது.”

எல்லோரும் ஊற்றுவோம். முன்பெல்லாம் வரப்பில் கொட்டுவதுதானே. ஒரு நாள் வேலம்மாள் மீந்த சோற்றையும் போடப் போனாள்.

“சோறு வாணாக்கா. அது கொழம்புதான் துன்னும்.”

“தட்டுல இருக்கிற கொழம்பையும் வழிச்சி ஊத்தட்டா?”

“ஐயே, எச்சியா? அது தொடாதுக்கா.”

பெரிய இடத்து நாய் போலிருக்கிறது என்று சிரித்தோம். சோறு தின்னாத, எச்சில் தொடாத நாய் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தூக்கின் மூடி என் தூக்கோடு மாறி வந்துவிட்டது. நல்ல சாக்கு. மத்தியானம் மூடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாய் கடித்துவிடக் கூடாதே என்று வழியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டேன். அவளுடையது ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் வீடு. வாசலில் நின்று “நாயைப் பிடிச்சிக்கடி” என்று குரல் கொடுத்தேன். சத்தமே இல்லை. குரைப்பும் இல்லை. எட்டிப் பார்த்தேன். சூர்யகலா பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூலையில் அடுப்பு சிறு தீயில் எரிந்தது. மேலே ஒரு சட்டி, ‘களக் களக்’ என்று மெதுவாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பிடிபட்டுவிட்டது. கல்யாண வீட்டில் மறுநாள் காலையில், மீந்ததையெல்லாம் ஒரே அண்டாவில் கொட்டிச் சுண்டவைத்து, பந்தல் பிரிக்கிறவர்களுக்கும் நெருங்கின சொந்தத்துக்கும் மட்டும் கிடைக்குமே, அந்தச் சுண்டக்குழம்பு.

“அடிப்பாவி” என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“நாய் எங்கடி?”

அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. மானம் பூடும்.”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. என் கத்தரிக்காய்க் குழம்பை எனக்கே திருப்பிப் போட்டு, நானே அதைப் புகழும்படி செய்திருக்கிறாள். அவள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. நாய்க்கு வாங்கிய பிஸ்கட்டைப் பிரித்து இரண்டு பேரும் டீயில் தொட்டுத் தின்றோம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“ஆறு பேர் கொழம்பும் ஒரே சட்டியில ஊத்துவேன். கையில கெடைக்கிற காய், மீனு, எல்லாத்தையும் எடுத்து அப்பவே துன்னுடுவேன். அது மத்தியான சாப்பாடு. மீதிய சின்னதா எரியவிட்டு நான் படுத்துக்குவேன். பாதியா சுண்டினா ஒரு ஸ்பூன் நல்லெண்ண. அவ்ளோதான்.”

“சோறு?”

“சாயங்காலம் குக்கர்ல வெச்சி தண்ணி ஊத்திடுவேன். காலையில அடுப்பே பத்த வெக்க மாட்டேன்.”

“திங்கக்கிழம ஏன் மோரு?”

“ஞாயித்துக்கிழம அளம் லீவு. கொழம்புக்கு நான் எங்க போறது? வியாழக்கிழம உங்க கொழம்புல மீன் கலந்துடும், அத வெள்ளிக்கிழம எடுத்துக்கினு வர முடியாது. அதான் ரெண்டு நாளு மோரு.”

அவள் புருஷன் அருண்ராஜ் சென்னையில் பரோட்டா மாஸ்டராம். மாசத்துக்கு ஒரு தடவை வருவான். “சமைக்கப் புடிச்சவன் அங்க ஊருக்கெல்லாம் சுட்டுப் போடறான்க்கா. புடிக்காத நான் ஒருத்திக்கோசரம் ராத்திரியில எழுந்து அல்லாடணுமா?” என்றாள். பதினேழு வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவே இல்லையே என்றுதான் இருந்தது.

அன்று சாயங்காலமே என் வீட்டில் மீந்திருந்த காலைக் குழம்பைச் சுண்டவைத்துப் பார்த்தேன். காலையில் சூடாக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சுப்ராயனிடமிருந்து போனிலேயே பாட்டு விழுந்தது.

“அளத்தையே அள்ளியாந்து கொட்டிட்டியா? வாயில வெக்க முடியல!”

ஏன் அப்படியானது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். அவளும் சுண்டவைக்கிறாள், நானும் சுண்டவைத்தேன். அவளுடையது தேவாமிர்தம், என்னுடையது கடல் தண்ணீர். உப்புக் கூடையோடு வரப்பில் நடக்கும்போதுதான் சட்டென்று புரிந்தது. அளத்துக்கு வருகிற குழம்பில் உப்பு கால்வாசிதான். பாதியாகச் சுண்டினாலும் அளத்து வாய்க்குக் கரிக்காத அளவில்தான் வந்து நிற்கிறது. நான் சுண்டவைத்தது வீட்டுச் சட்டியில் இருந்ததை, அதில் உப்பு முழுசாய் விழுந்தாகிவிட்டது. வேறு எந்த ஊரில் ஆறு வீட்டுக் குழம்பை வாங்கிச் சுண்டவைத்தாலும் உப்புக் கரிக்கும். உப்பு விளைகிற இந்த இடத்தில்தான் கரிக்காது. தலையில் கூடையோடு தனியாகச் சிரித்தேன். மேஸ்திரி சிவஞானம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் கூலியாகச் சூர்யகலாவிடம் பாதிக் குழம்பைக் கேட்டேன். சரி என்றாள். அன்றிலிருந்து மத்தியானம் போய் ஒரு சொம்பில் வாங்கி வந்துவிடுவேன். காலையில் அதைச் சூடு பண்ணி, வீட்டு வாய்க்குத் துளி உப்பு போட்டு, மேலே நாலு கடுகு தாளித்துக் கொட்டிவிட்டுக் கிளம்புவேன். திங்களும் வெள்ளியும் மட்டும் வழியில்லை, அவருக்கு மட்டும் கொஞ்சம் குழம்பு நானே வைப்பேன். முதல் நாள் வேலை முடிந்து வந்தால் சட்டி துடைத்து வைத்தது போல் இருந்தது.

“இன்னிக்குத்தான்டி கொழம்பு வெச்சிருக்க” என்றார் சுப்ராயன். “கை இப்பதான் பழகியிருக்குது போல.”

நான் சட்டியைக் கழுவப் போட்டேன். உண்மையைச் சொன்னால் நெஞ்சு கரிக்கும், அப்புறம் பழையபடி இரண்டு மணி. ஆனால் அலாரத்தை நிறுத்த முடியாதே. சத்தம் கேட்காவிட்டால் ஏன் எழவில்லை என்று கேட்பார். ஆகவே இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும், எழுவேன், சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே அரிசி மூட்டையில் தலை வைத்துப் படுத்துவிடுவேன். என் வீட்டில் நான் தூங்குவதற்கு நானே திருடியாக வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஆனாலும் அந்தத் தூக்கத்துக்கு ஈடு இல்லை.

அளத்துக்கு நான் குழம்பு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். சூர்யகலாவுடையதையே நானும் கொண்டுபோனால் ஒரே நாளில் பிடித்துவிடுவார்கள். அனுமந்தையிலிருந்து வருகிற நெத்திலிக் கருவாட்டைச் சாயங்காலமே வறுத்து டப்பாவில் போட்டுக்கொள்வேன். நான்கு நாள் போயிருக்கும். கொளஞ்சியம்மா சூர்யகலாவின் குழம்பைச் சப்புக்கொட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

“இப்பல்லாம் இதுல என்னமோ கொறையுதுடி. முன்ன மாதிரி இல்ல.”

சூர்யகலா என்னைப் பார்த்தாள். குறைவது என் குழம்பு. பதினேழு வருஷத்தில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லாத என் குழம்பு இல்லாமல் போனதும் ருசி இறங்கிவிட்டதாம். சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாட்டிக்கொண்டேன். எங்கள் உப்பு அம்பாரத்திலிருந்து மூட்டை ஏற்ற சுப்ராயனின் வண்டியே வந்துவிட்டது, அதுவும் சாப்பாட்டு நேரத்தில். “வா சுப்ராயா, ஒரு வாய் துன்னுட்டுப் போ” என்று கொளஞ்சியம்மா டப்பா மூடியில் சோறு போட்டு, சூர்யகலாவின் தூக்கிலிருந்து குழம்பை ஊற்றினாள். நான் தடுப்பதற்குள் அவர் வாயில் வைத்துவிட்டார்.

“இது எங்க வூட்டுக் கொழம்பாச்சே” என்றார்.

“இல்லப்பா, சூர்யகலாது.”

“இன்னா அத்த நீ? காலையில இதத்தான துன்னுட்டு வந்தேன். ரெண்டு வாரமா இதத்தான துன்றேன். யுவராணி வெச்சது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சூர்யகலா தலையைக் குனிந்துகொண்டாள், அவள் கண்ணிலிருந்து சொட்டியது. எனக்குப் பொய் சொல்ல வாய் எழவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாய் இல்லாததை, சட்டியை, சுண்டுவதை, இது எல்லார் வீட்டுக் குழம்பும்தான் என்பதை.

“நாயிக்குன்னு சொல்லியா எங்ககிட்ட வாங்கின?” என்று வேலம்மாள் எழுந்துவிட்டாள்.

“அப்போ நேத்து வெச்ச கொழம்பையா எனக்குப் போட்ட?” என்றார் சுப்ராயன்.

“நேத்து வெச்சதுதான். அதுவும் அஞ்சு வூட்ல மீந்தது” என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். “பதினேழு வருஷமா ரெண்டு மணிக்கு எழுந்திருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ‘படுத்துத் தூங்கு’ன்னு சொல்லியிருக்கியாய்யா நீ? இப்ப பன்னெண்டு நாளா துன்றியே, நெஞ்சு கரிச்சிதா?”

கொளஞ்சியம்மா தூக்கை இழுத்து விரலை விட்டு நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை நக்கினாள்.

“இதுல என்னுது எதுடி?”

சூர்யகலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அடியில புளிப்பா ஒண்ணு நிக்குது பாரு அத்த. அது உன்னுது” என்றாள்.

“ஆமா. ஆமாண்டி, மாங்கா போடுவேன்.” அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “தே வேலம்மா, குந்து. நீயும் பாரு, உன் கசகசா இருக்குது.”

வேலம்மாள் உட்கார்ந்தாள். அந்தோணியம்மாள் விரலை நீட்டினாள். ஐந்து பேரும் தூக்கைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் தங்கள் குழம்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். சுப்ராயன் மூடியிலிருந்ததை வழித்து முடித்தார். கை கழுவிக்கொண்டு வண்டியில் ஏறினவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“நாளைலேர்ந்து ரெண்டு மணிக்கு அலாரம் வெக்காத. பக்கத்துல படுக்கிறவன் தூக்கமும் கெடுது.”

அவர் வாயிலிருந்து அதைவிட நல்லதாக எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். போதும்.

வண்டி போனதும் கொளஞ்சியம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “மூணே முக்கால் வரைக்கும் தூங்கினா எப்பிடிடி இருக்கும்?” என்று கேட்டாள். திருவிழாவுக்குப் போய் வந்தவளிடம் கேட்பது போலக் கேட்டாள். நான் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் நாலேகாலுக்குக் கொளஞ்சியம்மா வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு நாள் பிந்தாத மனுஷி. உடம்புக்கு என்னவோ என்று பயந்துகொண்டே உப்பு சுமந்தோம். ஆறரை மணிக்கு வரப்பில் நடந்து வந்தாள், ஒரு பக்கக் கன்னம் முழுக்கப் பாயின் கோடுகள்.

“தூங்கிட்டேன்” என்றாள் மேஸ்திரியிடம். மன்னிப்புக் கேட்கிற குரலே இல்லை. சிவஞானம் ஒரு கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

எட்டரைக்கு வட்டமாக உட்கார்ந்தோம். நான் டப்பாவைத் திறந்தேன், வெறும் தண்ணிச்சோறு. மற்றவர்கள் குழம்பு இருக்குமே என்ற தைரியத்தில் கருவாடுகூட எடுத்துவரவில்லை. வேலம்மாள் திறந்தாள், தண்ணிச்சோறு. அந்தோணியம்மாள் திறந்தாள், தண்ணிச்சோறு. முந்தின நாள் நடந்த கூத்தில் யாரும் மீந்ததை ஊற்றாததால் சூர்யகலாவிடமும் அதேதான். ஏழு டப்பாவிலும் சோறு, ஒரு சொட்டுக் குழம்பு இல்லை. ஒவ்வொருத்தியும் மற்ற ஆறு பேரை நம்பித் தூங்கியிருக்கிறாள்.

கொளஞ்சியம்மா எழுந்து அம்பாரத்துக்குப் போனாள். ஒரு பிடி உப்பை அள்ளி வந்து, ஏழு டப்பாவிலும் ஒவ்வொரு சிட்டிகை போட்டாள். பிசைந்து தின்றோம். பசி, காற்று, தூங்கின உடம்பு. நன்றாகத்தான் இருந்தது.

“சரிடி, நாளைக்கு யாரு கொழம்பு வெக்கிறது?” என்றாள் வேலம்மாள்.

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் அடுப்பு மூட்டின கொளஞ்சியம்மாதான் முதலில் கையை உதறினாள்.

“நான் இல்லம்மா” என்றாள்.

சொல்லிவிட்டுப் பொக்கை வாய் தெரியச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.